ஒன்பதாவது வளைவு

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினோரு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. குடம், வாளி, குக்கர், பால் பாத்திரம் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டு ஆபீசுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்குள் மீட்டிங் ஆரம்பித்திருந்தது.

மருந்துக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதம் வெறுமையாகக் கிடந்தது. "தினமும் என்ன செஞ்சோம்னு எழுதி வைங்க" என்று எங்கள் முதலாளி தனசேகர் சார் இன்று சொன்னார். ஆபீஸ் கணினியில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால் இதில் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு விளையாட்டு. செல்போனில் பஸ் ஓட்டுவது. பெயர் 'மலைவண்டி'. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆட்களை ஏற்றி இறக்கி மேலே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பாதி மலையில் விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது. மெமரி நிரம்பினால் போன் யாரையாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். பெரும்பாலும் எங்களைத்தான் தள்ளுகிறது. ஓட்டுகிறவர் மறுபடி ஆழியாறிலிருந்து தொடங்க வேண்டும்.

நூற்றில் நாலு பேருக்கு இப்படி ஆகிறது. ஆப் ஸ்டோரிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. ஆயுத பூஜைக்குள் நூற்றில் ஒன்றுக்குக் கீழே கொண்டுவராவிட்டால் பட்டியலில் எங்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டோம். ஆயுத பூஜை சமயத்தில்தான் எங்களுக்குக் கூட்டம். வாழைக்கன்று, மாலை, சீரியல் விளக்கு எல்லாம் கட்டி வண்டியை அலங்கரிப்பார்கள்.

தனசேகர் சாரின் குடும்பம் கரூரில் பஸ் பாடி கட்டியவர்கள். "எங்கப்பா கட்டுன வண்டி ஒண்ணுகூட வழியில நின்னதில்ல. யாரு எழுதுன பகுதியால நம்ம வண்டி நிக்குதோ, அவங்க ஆயுத பூஜைப் பொரிய வாங்கிட்டுக் கெளம்பிரலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நிரல் எழுதுகிறவர்கள் இரண்டே பேர், நானும் செல்வினும். மற்ற இருவர் படம் வரைகிறவர்கள். நான் டீம் லீடர். செல்வின் மார்த்தாண்டத்துக்காரன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவன் மனைவிக்கு அக்டோபர் மூன்றாம் வாரம் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மீட்டிங் முடிந்து அவன் வெகுநேரம் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 3, புதன்

சந்தேகப் பட்டியல் போட்டேன். ஹாரன்கள், தேயிலைத் தோட்டத்து மரங்கள், பயணிகள், மழை, முன்கண்ணாடி. முன்கண்ணாடி சின்னப் பகுதி. அதைக் கடைசியில் வைத்தேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக வார்த்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஹாரனிலிருந்து தொடங்கினோம். மொத்தம் அறுபது ஹாரன் வைத்திருக்கிறோம். ஓட்டுகிறவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் விளையாட்டு திறந்ததுமே அறுபதும் மெமரியில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. கல்யாணத்துக்கு ஒரு ஆளை அழைத்தால் தெருவே வந்த மாதிரி. தேர்ந்தெடுத்ததை மட்டும் ஏற்றும்படி மாற்றினோம்.

எங்கள் சோதனை முறையை எழுதி வைக்கிறேன். போனை அணைத்துப் போட வேண்டும். மற்ற ஆப்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். பிறகு வண்டியை எடுக்க வேண்டும். செல்வின் அதற்கு முன்னால் போனைத் துணியால் துடைக்கவும் செய்வான். இப்படி ஓட்டினால் நாற்பது வளைவும் ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நிற்காத வண்டியில் என்ன ரிப்பேர் பார்ப்பது?

செப்டம்பர் 8, திங்கள்

குறைகளைச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்திருக்கிறோம். அதில் இன்று வந்த ஒரு குரல் செய்தியை அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கமுங்க. நான் பொள்ளாச்சிக்குப் பக்கம் கோட்டூருங்க, பேரு நாச்சிமுத்து. மினி பஸ் ஓட்டறவனுங்க. நெஞ்சுல அடைப்பு எடுத்துப்போட்டு, மூணு மாசத்துக்கு வண்டியத் தொடப்படாதுன்னுட்டாரு டாக்டரு. அதனால உங்க வண்டிய ஓட்டிட்டிருக்கறனுங்க. ஒம்பதாவது வளைவுல படக்குனு மூடிக்குதுங்க. தெனமும் அதே ஒம்பதாவது வளைவுதானுங்க. அப்பறம் இன்னொண்ணு. எந்த ஊர்லீங்க வளைவுக்கு வளைவு ஸ்டாப்பிங் இருக்குது?"

வளைவுக்கு ஒரு நிறுத்தம் வைத்தது தனசேகர் சாரின் யோசனை. பதில் அனுப்பவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அம்மா கோபியிலிருந்து போன் செய்தாள். இருபத்தொன்றாம் தேதி மகாளய அமாவாசையாம். "இந்த வருசமாச்சும் வா கண்ணு. செவுத்துல இருக்கற படத்துல பூரா பூஞ்சை புடிச்சு மூஞ்சியே தெரியல. உன்றகிட்ட அந்த பவானி பஸ் ஸ்டாண்டுப் படம் இருக்குமல்ல? அதப் பெருசு பண்ணிக் கொண்டாந்துரு."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஹாரன் மாற்றத்துக்குப் பிறகு நூற்றுக்கு 3.3. மரங்களைக் குறைத்த பிறகு 2.8. பின்னால் ஓடும் மரங்களில் பாதிக்கு இலையே கிடையாது இப்போது. யாரும் கவனிக்கவில்லை.

நாச்சிமுத்து தினம் காலை ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்புகிறார். டெப்போவில் கையெழுத்துப் போடுவது மாதிரி. "இன்னைக்கும் ஒம்பதுதானுங்க." "இன்னைக்கும் ஒம்பதுங்க, கொரங்கெல்லாம் பாத்துச் சிரிக்குதுங்க." எங்கள் மலையில் ஒன்பதாவது வளைவில் குரங்குகள் வைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 15, திங்கள்

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். போனைப் பற்றி எல்லாம் கேட்டேன். நாலு வருடப் பழைய போன், இரண்டு ஜி.பி. மெமரி. அதைச் சொம்பில் சாய்த்து வைத்து ஓட்டுகிறார்.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் செய்வீங்க?"

"என்னத்தங்க செய்யறது? கண்ணாடில இருக்கற படத்தப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு எடுப்பனுங்க."

"எந்தப் படம்?"

"நம்ம குடும்பப் படமுங்க. மினி பஸ்ஸுக்கு முன்னால பதினாலு பேரும் நின்னு எடுத்தது. மாப்பிள்ளையோட பெரிய போன்ல எடுத்ததுங்க, ஒவ்வொருத்தர் பல்லும் தெரியும்."

முன்கண்ணாடியில் ஓட்டுகிறவர் தன் போனிலிருந்து ஒரு படம் ஒட்டிக்கொள்ளலாம். நாலு வருடமாக இருக்கிற வசதி. அதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, படமில்லாம எந்த டிரைவராச்சும் மலைல வண்டிய எடுப்பானுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இது தெரியவில்லையே என்கிற வருத்தத்தோடு சொன்னார்.

போனை வைத்துவிட்டு டீ குடித்தேன். செல்வினிடம் நாளைக்குச் சொல்லலாம். என் ஸ்கூட்டரின் பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. பஞ்சர் கடைக்குப் போனேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்லவில்லை. பயணிகளின் சேலை டிசைன்களைக் குறைத்தேன். 2.7.

செப்டம்பர் 18, வியாழன்

செல்வின் அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். வாட்ஸ்அப்பில் நாச்சிமுத்து இன்று காலை, "அந்தம்மா சொன்னாங்கன்னு படத்த எடுக்கமாட்டனுங்க, மன்னிச்சுக்கங்க" என்று அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும் நாற்காலியோடு என் பக்கம் உருண்டு வந்தான்.

"அக்கா, நாம ஒருநாள்கூட கண்ணாடியில படம் வச்சு ஓட்டிப் பாக்கேல்ல!"

உண்மைதான். நாங்கள் யாரும் டிரைவர் இல்லை. எங்களுக்குப் படம் என்பது அலங்காரம். சோதனைக்கு அது எதற்கு என்று வெறும் கண்ணாடியோடு நாலு வருடம் ஓட்டியிருக்கிறோம்.

பெரிய படமாக ஒன்று வேண்டும் என்று பழைய கோப்புகளைத் துழாவினான். 2021ஆம் வருடத்துச் சோதனைப் படம் ஒன்று அகப்பட்டது. ஒரு பஸ் ஸ்டாண்டில் கட்டம் போட்ட சட்டை போட்ட ஓர் ஆள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். "நம்ம கட்டஞ்சட்டை! இவரப் பாத்து எத்தன வருசமாச்சு" என்றான் செல்வின். ஆரம்பத்தில், படம் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்த நாட்களில், ஆபீசில் அந்தப் படத்துக்கு அதுதான் பெயர்.

படம் கண்ணாடியில் சரியாக உட்கார்ந்தது. வண்டியை எடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில், குரங்குகளுக்கு முன்னால், விளையாட்டு மூடிக்கொண்டது.

செல்வின் எழுந்து கை தட்டினான். காரணம் இதுதான். படம் கோப்பாக இருக்கும்போது நாலு எம்.பி. திரையில் காட்டத் திறந்தால் நாற்பத்தெட்டு எம்.பி., மடித்து வைத்த ஜமக்காளத்தை விரித்த மாதிரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி இறங்குவதைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடியைப் புதிதாக வரைகிறோம். அப்போது படத்தையும் புதிதாகத் திறக்கிறோம். பழையதை மூடுவதில்லை. ஒன்பது நிறுத்தத்தில் ஒன்பது ஜமக்காளம் ஒன்றன்மேல் ஒன்று. சின்ன போனுக்கு அதற்கு மேல் இடமில்லை.

கை தட்டிவிட்டு உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, கண்ணாடி எனக்க பகுதியாக்கும்" என்றான்.

செப்டம்பர் 19, வெள்ளி

கண்ணாடிப் பகுதியின் நிரலை யார், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றைத் திரையில் போடச் சொன்னார் தனசேகர் சார். பழைய படத்தை மூடுகிற வரி ஒன்று முதலில் இருந்திருக்கிறது. 2021 ஜூலை 14ஆம் தேதி யாரோ அந்த வரியை வேலை செய்யாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பு: 'மறையக் கூடாது'. அன்று கணினியில் உள்ளே நுழைந்த லாகின் பெயர், அந்தக் காலத்தில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்திய பெயர். வேலைப் பட்டியலில் கண்ணாடிக்கு நேரே செல்வின் பெயர். 'சோதித்தாயிற்று' என்ற இடத்திலும் அவன் பெயர்.

"இது நீ எழுதுனதா?"

செல்வின் திரையையே பார்த்தான். "எனக்கு ஓர்மையில்ல சார். லாக்டவுன் சமயம். நான் ஊர்ல இருந்து செஞ்சுகிட்டிருந்தேன், நெட்டு கிடைச்சும் கிடைக்காமலும். கண்ணாடி எனக்க பகுதி. அப்ப நானாத்தான் இருக்கும்."

"மறையக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?"

"தெரியல்ல சார்."

தனசேகர் சார் என்னைப் பார்த்தார். "வாணி, உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். திரும்பி வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. ஆயுத பூஜையோடு செல்வின் போகிறான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோபிக்குப் போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் கூட்டம். டிரைவருக்கு மேலே கண்ணாடியில் இரண்டு குழந்தைகளின் படம், ஒன்றுக்கு முன்பல் இல்லை. பவானி ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். அம்மா வடை, பருப்புப் பாயசம், வாழைக்காய் பொரியல் செய்து படைத்தாள்.

"படம் கெடைக்கலயா?"

கிடைக்கவில்லை என்றேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா தம்பியின் கைக்கடிகாரத்தை வைத்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதற்கு பேட்டரி மாற்றிக்கொண்டே வருகிறாள் போல.

பாயசத்தில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். திரும்பி வரும்போது சொந்தத் தோட்டத்துத் தேங்காய் நாலு கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

செல்வின் அந்த வரியை மறுபடி வேலை செய்ய விட்டான். படத்தைப் போனின் திரை அளவுக்குச் சுருக்கித் திறக்கவும் செய்தான். இப்போது பழைய படத்தை மூடிவிட்டுத்தான் புதியதைத் திறக்கிறது. அதனால் பழைய போன்களில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் படம் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வருகிறது. அதைச் சரிசெய்ய நாளாகும். பூஜைக்குள் முடியாது. இருக்கட்டும் என்றார் தனசேகர் சார்.

சோதனை முறையையும் அவனே மாற்றி எழுதி ஒட்டியிருக்கிறான்: போனை அணைக்காதே. வாட்ஸ்அப்பை மூடாதே. கண்ணாடியில் படம் இல்லாமல் வண்டியை எடுக்காதே.

செப்டம்பர் 25, வியாழன்

0.9. ஸ்டோருக்கு எழுதிவிட்டோம். தனசேகர் சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். செல்வினுக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

செல்வின் தன் வேலைகளை எனக்கு ஒப்படைக்கக் குறிப்பு எழுதுகிறான். பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. எந்தச் சோதனை போனுக்கு சார்ஜர் முனை லூஸ் என்பதுவரை இருக்கிறது. போகிற ஆள் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

மதியம் ஒரு டப்பா ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்தான். ஊரிலிருந்து அவன் மனைவி எனக்கென்று தனியாகக் கட்டி அனுப்பியதாம். வேலை போவதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. "டெலிவரி முடியட்டும் அக்கா. இப்ப சொன்னா பிரஷர் ஏறும்" என்றான்.

பிறகு, "அந்தக் கட்டஞ்சட்டை யாருக்கா? எங்கேருந்து எடுத்த படம்?" என்று கேட்டான்.

நெட்டிலிருந்து எடுத்தது என்றேன்.

சிப்ஸ் டப்பாவைத் திறக்கவில்லை. சமையலறை மேடையில் இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தேன். ஃபேன் துடைத்தேன். அலமாரி முழுக்க இறக்கி அடுக்கினேன். செய்ய வேறு வேலை இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

2021 ஜூலை 14 ஒரு புதன்கிழமை. ஆபீசில் நான் மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நான் சாவி கேட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருந்தேன். பூபதி போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. என் தம்பி. அவனை ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டாள். அவர்கள் காட்டவில்லை.

செல்வின் அன்று காலை நெட் இல்லை என்று போன் செய்தான். "அக்கா, கண்ணாடியில படம் வருதான்னு மட்டும் பாத்திருங்க" என்றான். பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. என் போனில் கடைசியாக இருந்த படம் பூபதியுடையது. பவானி பஸ் ஸ்டாண்டில் நான் எடுத்தது. கண் கூசுகிறது, சீக்கிரம் எடு என்று திட்டிக்கொண்டே நின்றான்.

அதை ஒட்டி வண்டியை எடுத்தேன். நன்றாக இருந்தது. அவன் முன்னால் இருக்க, நான் ஓட்ட, தேயிலைத் தோட்டம் பின்னால் போக. முதல் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறினார்கள். திரும்பியபோது கண்ணாடி காலியாக இருந்தது. ஒரு நொடிதான். பிறகு வந்தான். இரண்டாவது நிறுத்தத்திலும் போனான், வந்தான். மூன்றாவதிலும். நாலாவது நிறுத்தத்துக்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. எந்த வரி அவனை அகற்றுகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்தில் எழுதியதும் நான்தான். மெமரி நிரம்பும் என்று எனக்குத் தெரியாதா? பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். தெரியும். அன்று எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. ஆபீஸ் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருந்தது. நாற்பது வளைவும் போனேன். ஒரு நிறுத்தத்திலும் அவன் போகவில்லை. கீழே இறங்கி மறுபடியும் போனேன்.

மறுநாள் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் செய்யவில்லை. செல்வினிடம் படம் வருகிறது என்று சொன்னேன். அவன் 'சோதித்தாயிற்று' என்று போட்டான்.

செப்டம்பர் 2ஆம் தேதி மீட்டிங்கிலேயே எனக்குத் தெரியும். கண்ணாடியைப் பட்டியலின் கடைசியில் வைத்தது அதனால்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் முதல் வேலையாகத் தனசேகர் சாரின் அறைக்குப் போனேன். செல்வினையும் கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நேற்று இங்கே எழுதியதில் பாதிதான் வாயில் வந்தது. ஆனால் தேவையான பாதி வந்துவிட்டது.

தனசேகர் சார் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. "ஒரு மாசமா எல்லாத்தையும் பாத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா? ஹாரனு, மரம், சேலைன்னு எங்களச் சுத்த விட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"அவன் வாயத் தொறந்து நானாத்தான் இருக்கும்னு சொல்றான், நீங்க தண்ணி புடிக்கப் போறீங்க."

"ஆமாங்க சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏன் அந்த வரிய நிறுத்துனீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

"படம் ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் காணாம போயிப் போயி வந்துச்சுங்க சார். அது என் தம்பி படம்."

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. செல்வின் போக வேண்டியதில்லை என்றார். என்னைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். செல்வின் முழு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இருபது நாளா நான் ராத்திரி உறங்கேல்ல அக்கா" என்றான். தன் இடத்துக்குப் போனான். இருபது நாள் இல்லை, பத்து நாள்தான். நான் திருத்தவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கணினிகளுக்கும் சோதனை போன்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். தனசேகர் சார் பொரிப் பொட்டலத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். என் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் நிறுத்தினார். "இனி லீடர் செல்வின். அவனுக்குக் கீழ வேலை செய்ய முடியும்னா இருங்க" என்றார். இருக்கிறேன் என்றேன்.

இன்று ஒரே நாளில் நாற்பதாயிரம் வண்டிக்கு மாலை போட்டிருக்கிறார்கள். 0.7.

வீட்டுக்கு வந்து சிப்ஸ் டப்பாவைத் திறந்தேன். நமுத்துவிட்டது. தின்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

செல்வின் வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறான். முன்பு 'அக்கா' என்று தொடங்குவான். இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறான். அது அவன் உரிமை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் கீபோர்டின் மேல் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் ஒரே ஒரு கோப்பு. பவானி பஸ் ஸ்டாண்டுப் படம், சுருக்காத அளவில். நாலு வருடமாக 'சோதனை 1' என்று இருந்த பெயரை மாற்றியிருந்தான். 'பூபதி' என்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் காந்திபுரத்தில் ஸ்டூடியோவில் கொடுத்தேன். எந்த அளவு வேண்டும் என்று கேட்டார்கள். சுவரில் மாட்டுகிற அளவு என்றேன். அம்மாவிடம் போன் செய்து படம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எங்கே இருந்தது என்று கேட்டாள். ஆபீசிலேயே இருந்தது என்றேன்.

அக்டோபர் 8, புதன்

காலை ஒன்பது மணிக்கு நாச்சிமுத்து.

"அம்மணி, வால்பாறை போய்ச் சேந்துட்டனுங்க! நாப்பது வளைவுமுங்க! வீட்டுல எல்லாத்துக்கும் முட்டாய் வாங்கிக் குடுத்தனுங்க. ஒரே ஒரு கொற. ஸ்டாப்பிங்ல நின்னு கெளம்பறப்ப, கண்ணாடில நம்மாளுகளக் காணோமுங்க. மொத வளைவுல பக்குனுச்சுங்க, நெஞ்சு வேற இப்படி. அப்பறம் பாத்தா வந்துட்டாங்க. ரெண்டாவதுலயும் அப்படித்தான். பத்து வளைவு தாண்டுனா பழகிருதுங்க. அதான் வந்தர்றாங்கல்ல, போதுமுங்க. நீங்க அதுக்குன்னு வண்டிய நிறுத்தீராதீங்க."

செய்தியை இரண்டு முறை கேட்டேன். செல்வினைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத சரி செஞ்சிரலாம் அக்கா, ஒரு வாரம் ஆகும்" என்றான். அவசரமில்லை என்றேன்.

மதிய இடைவேளையில் பழைய சோதனை போனை எடுத்தேன். அணைத்துப் போடவில்லை, எதையும் மூடவில்லை. கண்ணாடியில் பூபதியை ஒட்டினேன். ஆழியாறிலிருந்து வண்டியை எடுத்தேன். முதல் நிறுத்தத்தில் போனான். நான் பிரேக்கில் கையை வைத்தபடி இருந்தேன். வந்தான். ஒன்பதாவது வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், கிளம்பினேன்.

நாற்பதாவது வளைவு வரை ஓட்டினேன். நாற்பது முறை போனான். நான் நாற்பது முறையும் வண்டியை எடுத்தேன்.